வீட்டுத் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகள், பறவைகள், பிற உயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தோட்டம் மிகச் சிறியது. சில தொட்டிச் செடிகளும் ஒரு மரமும் மட்டுமே உள்ளன. பார்க்கும்படியாக ஏதாவது வருமா?

வரும். இடத்தின் அளவைவிட, அந்த இடத்தைத் தொடர்ந்து பார்ப்பவர் இருக்கிறாரா என்பதே முக்கியம். ஜெனிபர் ஓவன் என்ற உயிரியலாளர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், புறநகர் வீடொன்றின் சாதாரணத் தோட்டத்தை 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் விடாமல் கவனித்தார். காய்கறிப் பாத்தியும் புல்வெளியும் பூச்செடிகளும் கொண்ட அந்தத் தோட்டத்தில் அவர் பதிவு செய்த உயிரினங்களின் எண்ணிக்கை 2,673. அவற்றில் பெரும்பகுதி பூச்சிகள். அறிவியலுக்கே அதுவரை தெரியாதிருந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் அவற்றில் இருந்தன. அவர் காட்டையோ சரணாலயத்தையோ தேடிப் போகவில்லை. வெப்ப நிலங்களில் உள்ள தோட்டத்துக்கு உயிர்வளம் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

மாடித் தொட்டிகளை வண்ணத்துப்பூச்சி கண்டுபிடிக்குமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. முட்டையிட இடம் தேடும் பெண் வண்ணத்துப்பூச்சி இலையின் மணத்தையும் வடிவத்தையும் வைத்துச் செடியைத் தேடுகிறது. தனக்கு வேண்டிய செடி ஒரே ஒரு தொட்டியில் இருந்தாலும் பல சமயம் வந்து சேர்ந்துவிடும்.

எந்த நேரத்தில் பார்க்க வேண்டும்?

பறவைகளுக்கு விடியலும் அதன்பின் இரண்டு மணி நேரமும் உகந்தவை. மாலையில் வெயில் சாய்ந்த பின்னர் மீண்டும் சிறிது நேரம் நடமாட்டம் கூடும். வண்ணத்துப்பூச்சிகள் அவ்வளவு சீக்கிரம் எழுவதில்லை. அவற்றின் பறக்கும் தசைகள் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்தால்தான் நன்றாகப் பறக்க முடியும். உடலில் அந்த வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் பெரும்பாலானவற்றுக்கு இல்லாததால், காலை வெயிலில் சிறகை விரித்து உட்கார்ந்து சூடேற்றிக்கொள்கின்றன. படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் கிடைத்தற்கரியது, ஏனென்றால் சூடேறிய பிறகு அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆகவே முதலில் பறவைகளைப் பார்த்துவிட்டு, வெயில் செடிகளின் மேல் விழத் தொடங்கியதும் கீழே பார்வையைத் திருப்பினால் இரண்டுமே கிடைக்கும்.

நடந்துகொண்டே தேடுவதைவிட ஒரே இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் அமர்ந்திருப்பது நல்லது. முதல் ஐந்து நிமிடத்தில் தோட்டம் காலியாக இருப்பதுபோலத் தோன்றும். நம் வருகையால் ஒதுங்கியவை மெல்லத் திரும்பி வரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் "எங்கள் தோட்டத்தில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பூச்செடிகள் நிறைய வைத்திருக்கிறோம். ஆனாலும் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உடனே போய்விடுகின்றன. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுத அனுமதி உண்டு என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். பூ என்பது வண்ணத்துப்பூச்சிக்கு வழிப்போக்கர் சத்திரம். இலைதான் அதன் வீடு. தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் போகக்கூடிய அதே பூச்சி, முட்டையிடும்போது மிகக் கறாராக இருக்கிறது. அதன் புழுக்கள் குறிப்பிட்ட ஒரு செடியின் இலையை, அல்லது நெருங்கிய உறவுள்ள சில செடிகளின் இலைகளை மட்டுமே தின்று வளரக்கூடியவை. அந்தச் செடி இல்லாத தோட்டத்தில் அது தங்குவதற்குக் காரணமே இல்லை.

சில இணைகளைச் சொல்கிறேன். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி எலுமிச்சை, நாரத்தை போன்ற மரங்களின் இளந்தளிரில் முட்டையிடும். கறிவேப்பிலை அழகி, அவற்றோடு கறிவேப்பிலையிலும் முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளியும் அத்தி இனத்து மரங்களும். அதன் கூட்டுப்புழு உலோகம்போல் பளபளத்து, இலைக்கு அடியில் யாரோ நகையைத் தொங்கவிட்டதுபோலத் தெரியும். ரோஜா அழகிக்கும் ரோஜாச் செடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; அதன் புழு தின்பது ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியவற்றின் வகையைச் சேர்ந்த கொடிகளை. பெயரை நம்பி ரோஜாப் பாத்தி போட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் வேறு நிலத்தில் இருந்தால் பெயர்கள் மாறும், ஏற்பாடு மாறாது. அமெரிக்கக் கண்டங்களின் மோனார்க் வண்ணத்துப்பூச்சியும் வெந்தய வரியனும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மோனார்க்கின் புழு தின்னும் மில்க்வீட் செடியும் எருக்கும் ஒரே குடும்பத்தவை. இரண்டிலும் கிள்ளினால் பால் வடியும், இரண்டின் பாலிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அந்த நஞ்சை அடக்கி உடலில் சேர்த்துக்கொள்ளப் புழுக்கள் கற்றிருப்பதால்தான் பறவைகள் அவற்றை விட்டு விலகுகின்றன.

பெண் வண்ணத்துப்பூச்சி செடியைச் சோதிப்பதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். இலைமேல் இறங்கி முன்கால்களால் படபடவென்று தட்டும். கால்களில் உள்ள சுவை உணரிகளால் இலையின் வேதிப்பொருளை அறிந்து, சரியில்லை என்றால் அடுத்த இலைக்குப் போகும். சரியாக இருந்தால் வயிற்றை வளைத்து, பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில், ஒரு முட்டையை ஒட்டிவிட்டு நகரும். ஒரு பூச்சி பூவுக்குப் போகாமல் இலைகளின் மேல் தாழப் பறந்து தொட்டுத் தொட்டுப் போவதைக் கண்டால், அது எங்கே தொட்டது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குண்டூசித் தலையளவு முட்டை கிடைக்கும்.

அப்படியானால் பூச்செடிகள் வீண்தானா?

இல்லை. ஒற்றை இதழடுக்கும் சிறு குழல்களும் கொண்ட பூக்கள், துளசி, இட்லிப்பூ, பூ விட அனுமதிக்கப்பட்ட கொத்தமல்லி ஆகியவை தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பயன்படும். பல அடுக்கு இதழோடு அழகுக்காக உருவாக்கப்பட்ட வகைகளில் மகரந்தமும் தேனும் குறைவு. பல சமயம் நாக்கு நுழைய வழியே இருக்காது. உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும் என்பது உண்மை. ஆனால் அது தன் தாயகமான அமெரிக்க வெப்ப நிலங்களைவிட்டு வெளியேறிய இடங்களிலெல்லாம் காடுகளை மூடிப் படர்ந்த செடி. அதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதை நான் வைப்பதில்லை.

உலர்ந்த கிலுகிலுப்பைச் செடியைப் பிடுங்கி எறியாமல் ஒரு மூலையில் விட்டுவைத்தால் நீலவரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் அதில் கூடுவதைப் பார்க்கலாம். அவை தேடி வருவது தேனுக்காக அல்ல. அந்தச் செடியில் உள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருளைக் கொண்டு ஆண்கள் தங்கள் இணைசேர் மணப்பொருளை உருவாக்கிக்கொள்கின்றன.

புழுக்கள் எலுமிச்சைக் கன்றின் இலைகளை அரித்துவிட்டன. மருந்து தெளிக்கலாமா?

வேரூன்றிய செடி சில தளிர்களை இழப்பதால் சாகாது. புழு கூட்டுப்புழுவானதும் மீண்டும் துளிர்க்கும். மிகச் சிறிய கன்றில் ஐந்தாறு புழுக்கள் இருந்தால் மட்டும், சிலவற்றை இலையோடு கிள்ளி, அதே வகையைச் சேர்ந்த பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். வேறு வகைச் செடியில் விட்டால் பட்டினி கிடந்து இறக்கும்.

வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்பது நடவாத காரியம். பறவை வேண்டும், புழு வேண்டாம் என்பதும் அப்படியே. தானியமும் பழமும் தின்னும் பறவைகளிலும் பெரும்பாலானவை குஞ்சுகளுக்குப் பூச்சியையும் புழுவையுமே ஊட்டுகின்றன. வட அமெரிக்காவின் கரோலினா சிக்கடி என்னும் சிறு பறவை ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பறவையின் எடையோ ஏறத்தாழ 10 கிராம்தான். இலை அரிபடாத தோட்டம் என்றால் அங்கே குஞ்சுகளுக்கு உணவில்லை என்று பொருள்.

"இயற்கை மருந்து" என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. வேப்பெண்ணெய்க் கரைசலும் சரி, பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்ட தெளிப்பும் சரி, வண்ணத்துப்பூச்சியின் புழு எது, பயிரைக் கெடுக்கும் புழு எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வேர் வழியாகச் செடி முழுவதும் பரவும் நியோனிகோட்டினாய்டு மருந்துகள் மகரந்தத்திலும் தேனிலும்கூடச் சேரும். தேனீக்களுக்கு ஏற்படும் தீங்கு காரணமாக அவ்வகை மருந்துகளில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. கடையில் வாங்கிய கன்றுக்கு ஏற்கெனவே மருந்து வைத்திருக்கக்கூடும் என்பதால், இயன்றவரை விதையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டுக் கிளையிலிருந்தோ வளர்ப்பது பாதுகாப்பானது.

நேற்று இருந்த புழுக்கள் இன்று இல்லை. ஒரு கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளிவந்தன. என்ன நடந்தது?

இடப்படும் முட்டைகளில் மிகச் சிலவே சிறகு முளைக்கும் நிலையை எட்டுகின்றன. எறும்பு முட்டையைத் தூக்கிச் செல்லும்; சிலந்தியும் பிற பூச்சிகளை வேட்டையாடும் நாவாய்ப்பூச்சியும் கும்பிடுபூச்சியும் புழுவைப் பிடிக்கும்; குளவி அதைக் கடித்து உருண்டையாக்கித் தன் கூட்டுக்கு எடுத்துச் செல்லும்; தையல்சிட்டு இலையிலை­யாகத் தேடிப் பொறுக்கும். இவற்றுக்குத் தப்ப எலுமிச்சை அழகியின் இளம் புழு பறவை எச்சம்போலக் கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். பெரிதானதும் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். அதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையாகப் பிரிந்த கொம்பு ஒன்று திடீரென்று நீண்டு கடும் நெடியைப் பரப்பும். ஒருமுறை பார்த்தால் போதும். அதற்காகவே தொட்டுத் தொட்டுப் புழுவைத் துன்புறுத்தக் கூடாது.

நீங்கள் கண்ட சிறு குளவிகள் ஒட்டுண்ணிகள். அவற்றுள் சில புழுவின் உடலுக்குள்ளும், சில கூட்டுப்புழுவின் தோல் இறுகும் முன்பு அதனுள்ளும் முட்டையிடுகின்றன. குளவிக் குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, ஒரு சிறு துளையிட்டு வரிசையாக வெளியேறும். பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கணக்கிலடங்காத குளவி இனங்கள் இப்படி வாழ்வதால்தான் செடிகள் மொட்டையாகாமல் இருக்கின்றன. புழுக்களை எல்லாம் வீட்டுக்குள் பெட்டியில் வைத்து வளர்த்துக் "காப்பாற்றும்" வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகள் பார்க்க ஓரிரு புழுக்களை வளர்ப்பது வேறு, ஒரே பெட்டியில் நிறைய புழுக்களை அடைத்து நோய் பரவ வழி செய்வது வேறு.

வெப்பமான பருவத்தில் முட்டை மூன்று முதல் ஐந்து நாளிலும், புழுப் பருவம் ஏறத்தாழ இரண்டு வாரத்திலும், கூட்டுப்புழுப் பருவம் ஒன்று முதல் இரண்டு வாரத்திலும் முடியும். கூட்டுப்புழுவின் உறை கண்ணாடிபோலாகி உள்ளே சிறகின் நிறம் தெரிந்தால், பெரும்பாலும் மறுநாள் காலையில் அது விரியும்.

வண்ணத்துப்பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருப்பது ஏன்?

உப்புக்காக. இலையிலும் தேனிலும் சோடியம் மிகக் குறைவு. ஈர மண்ணிலிருந்து அதை உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண்கள். இணைசேரும்போது விந்தோடு அந்தச் சத்தையும் பெண்ணுக்குக் கொடுக்கின்றன, அது முட்டைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அகலத் தட்டில் மணல் பரப்பி எப்போதும் ஈரமாக வைத்து, சிறிது மாட்டுச் சாணமோ மரச்சாம்பலோ கலந்து வையுங்கள். வர நாளாகலாம்.

ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகளை எப்படிப் பிரித்தறிவது?

சில சமயம் அவை நம்மை ஏமாற்றுவதற்கென்றே, சரியாகச் சொன்னால் பறவைகளை ஏமாற்றுவதற்கென்றே, அப்படி அமைந்தவை. ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இயற்கையியலாளர் அமேசான் காடுகளில் கண்ட வண்ணத்துப்பூச்சிகளை வைத்து 1862இல் விளக்கிய போலி உருவம் என்ற தத்துவத்துக்கு, கறிவேப்பிலைச் செடியடியிலேயே சான்று கிடைக்கும். நஞ்சுள்ள ரோஜா அழகியைப் பறவைகள் ஒதுக்குகின்றன. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை ரோஜா அழகியைப் போலவும், இன்னொரு வகை சிவப்புடல் அழகியைப் போலவும் வேடம் பூண்டிருக்கும். மூன்றாவது வகை தன் இனத்து ஆணைப் போலவே இருக்கும். டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுதான் இந்த வேடங்களைத் தீர்மானிக்கிறது என்பது 2014இல் கண்டறியப்பட்டது. சிறகைப் பார்த்துக் குழம்பாதீர்கள், உடலைப் பாருங்கள்: ரோஜா அழகியின் உடல் சிவப்பு, வேடதாரியின் உடல் கருப்பு.

அந்துப்பூச்சியா வண்ணத்துப்பூச்சியா என்ற கேள்விக்கு உணர்கொம்பே விடை. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும், அந்துப்பூச்சியினுடையது நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும். பகலில் பறக்கும் அழகான அந்துப்பூச்சிகள் உண்டு என்பதால் நிறத்தையும் நேரத்தையும் நம்ப முடியாது.

பறவைகளுக்குத் தானியம் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் தூய்மையாக வைக்க நேரமில்லாதவர்கள் வைக்காமலிருப்பதே நல்லது. பல பறவைகள் ஒரே தட்டில் கூடும்போது நோயும் கூடுகிறது. 1994இல் கிழக்கு அமெரிக்காவில் வீட்டுப் பிஞ்ச் பறவைகளிடையே தோன்றிய கண் நோயும், 2005 முதல் பிரிட்டனில் கிரீன்பிஞ்ச் பறவைகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்த தொண்டை நோயும் உணவுத் தட்டுகளின் வழியே பரவியவை என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். தட்டை வாரந்தோறும் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். பூசணம் பிடித்த தானியத்தை உடனே அகற்ற வேண்டும். சோர்ந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு தட்டருகிலேயே உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் இரண்டு மூன்று வாரங்களுக்கு வைப்பதை நிறுத்த வேண்டும். உப்புச் சேர்ந்த சமையல் மிச்சம் வேண்டாம்.

எப்படியானாலும் தானியத்துக்கு வருபவை ஒரு சில இனங்களே. மாம்பழச்சிட்டும் தேன்சிட்டும் குண்டுக்கரிச்சானும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவற்றை அழைப்பது பழம் தரும் மரமும், பூச்சி நிறைந்த புதரும், தண்ணீரும்தான். அமெரிக்கக் கண்டங்களில் வாழ்பவர்கள் தேன்சிட்டின் இடத்தில் ஓசனிச்சிட்டைக் காண்பார்கள். நீண்டு மெலிந்த அலகும் மினுங்கும் இறகுமாக இரண்டும் உறவுபோலத் தோன்றினாலும், அவை ஒரே உணவைத் தேடித் தனித்தனியே அந்த உருவை அடைந்தவை. ஓசனிச்சிட்டு அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்தே குடிக்கும்.

தண்ணீர்த் தொட்டி எப்படி இருக்க வேண்டும்? கொசு பெருகாதா?

ஆழம் 2 முதல் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். விளிம்பு சரிவாகவும் அடிப்பகுதி சொரசொரப்பாகவும் இருந்தால் சிறு பறவைகளும் இறங்கிக் குளிக்கும். நடுவில் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் கல் ஒன்று வைத்தால் தேனீக்கள் மூழ்காமல் குடிக்கும். பூனை பதுங்க இடமில்லாதபடி புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

கொசுவின் முட்டை முதிர்ந்து கொசுவாகப் பறக்க வெப்ப நாட்களில் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், நாள்தோறும் நீரை மாற்றினால் கவலையில்லை. ஆனால் கொட்டி நிரப்பினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் உயிர்பெறும். சுவரைத் தேய்த்துக் கழுவுவதுதான் மருந்து.

தோட்டத்தில் பறவை கூடு கட்டியிருக்கிறது. எவ்வளவு நெருங்கலாம்?

கூட்டை விட்டுப் பறவை எழாத தூரம் எதுவோ, அதுவே சரியான தூரம். நீங்கள் நிற்கும்போது தாய் இரையை வாயில் வைத்துக்கொண்டு அருகிலுள்ள கிளையில் கத்திக்கொண்டிருந்தால், குஞ்சுகள் உங்களால் பட்டினி கிடக்கின்றன என்று அர்த்தம். கூட்டை மறைக்கும் இலையை விலக்கிப் படம் எடுக்கவே கூடாது. காகமும் வால்காக்கையும் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

கவாத்து செய்வதற்கு முன் கிளைகளை உள்ளிருந்து பார்த்துவிடுங்கள். தையல்சிட்டு இலைகளின் விளிம்பில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்துப் பைபோல் தைத்து, அதற்குள் கூடு வைக்கும். உயிருள்ள இலை என்பதால் ஓரடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. தெரியாமல் நானே ஒரு கிளையை வெட்டியிருக்கிறேன். அடைகாத்தல் ஏறத்தாழ 12 நாள், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் கத்திரியை எடுக்காமலிருந்தால் போதும். ஊதாத் தேன்சிட்டின் தொங்கும் கூட்டைக் கட்டுவதும் அடைகாப்பதும் பெண்தான், மினுங்கும் ஆண் ஊட்டும் காலத்தில் உதவும்.

காகம் ஒரு புள்ளி போட்ட குஞ்சுக்கு ஊட்டுவதைக் கண்டால் அது குயிலின் குஞ்சு. தவிட்டுக்குருவிகளின் கூட்டில் சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் இப்படியே முட்டையிட்டுப் போகும்.

குஞ்சு ஒன்று தரையில் கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

இறகு மூடியிருந்து, தத்தித் தத்தி நகர்ந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் அருகில்தான் இருக்கும். வழியிலோ பூனை எட்டும் இடத்திலோ இருந்தால் மட்டும் எடுத்து அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகு முளைக்காத குஞ்சானால் கூட்டைத் தேடி அதிலேயே வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய்யான நம்பிக்கை. காயம் பட்டிருந்தால் இருண்ட, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, வாயில் நீர் ஊற்றாமல், கால்நடை மருத்துவரிடமோ வனவிலங்கு மீட்பாளரிடமோ ஒப்படையுங்கள். காட்டுப் பறவையை வீட்டில் வளர்ப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும் ஆகும்.

சன்னல் கண்ணாடியில் பறவைகள் மோதுகின்றன. வேறொன்று நாள் முழுவதும் கண்ணாடியைக் கொத்துகிறது.

இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். மோதும் பறவைக்குக் கண்ணாடியில் தெரியும் வானமும் மரமும் உண்மையாகத் தோன்றுகின்றன. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக மதிப்பிட்டது. கண்ணாடியின் ஒரு மூலையில் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இட வேண்டும்.

கொத்தும் பறவையோ தன் பிம்பத்தை எதிரி என்று எண்ணிப் போரிடுகிறது. இனப்பெருக்கக் காலம் முடியும் வரை அந்தக் கண்ணாடியை வெளிப்புறமாகத் துணியாலோ தாளாலோ மூடிவிட்டால் நின்றுவிடும்.

வீட்டில் பூனை வளர்க்கிறோம். அதனால் கெடுதல் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் பூனைகளால் ஆண்டுதோறும் கொல்லப்படும் பறவைகள் 130 கோடி முதல் 400 கோடி வரை இருக்கும் என்பது 2013இல் வெளியான மதிப்பீடு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். குறைந்தது விடியற்காலையிலும், குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் வாரங்களிலும் அதை உள்ளே வைத்திருங்கள்.

ஓணான், அரணை, சிலந்தி, பாம்பு ஆகியவையும் வருகின்றன. விரட்ட வேண்டுமா?

அரணை கடித்தால் மரணம் என்ற சொல் எங்கிருந்து வந்ததோ, அந்த உயிருக்குப் பெரும் அநீதி இழைத்துவிட்டது. அதற்கு நஞ்சே கிடையாது. ஓணானுக்கும் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்து, அது தண்டால் எடுப்பதுபோல உடலை உயர்த்தித் தாழ்த்துவதைப் பார்ப்பதற்காகவே சுவரோரம் ஒரு காய்ந்த மரக்கட்டையைப் போட்டு வைக்கலாம். வலையின் நடுவில் பெருக்கல் குறிபோல வெண்பட்டை நெய்யும் சிலந்தியைக் கலைக்காதீர்கள். சிறு தொட்டியில் நீர்ச்செடி இருந்தால் தும்பிகள் முட்டையிடும், அவற்றின் இளம் பருவம் நீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளரும். மழைக்காலத்தை ஒட்டிக் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பிகளுள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போகும் இனமும் உண்டு.

பாம்பைப் பொறுத்தவரை, இனத்தை நீங்களே முடிவு செய்ய முயலாதீர்கள். சாரை நஞ்சற்றது, எலியைக் கட்டுப்படுத்துவது. ஆனால் அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு நாகமும் சாரையும் ஒன்றுபோலவே தோன்றலாம். விலகி நின்று, போக வழிவிடுங்கள். வீட்டுக்குள் வந்தால் பயிற்சி பெற்ற மீட்பாளரை அழையுங்கள். விறகு, செங்கல் குவியல்களை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளியே வைத்திருங்கள், இரவில் விளக்கில்லாமல் தோட்டத்தில் கால் வைக்காதீர்கள்.

இரவில் பார்க்க என்ன இருக்கும்?

வெண்ணிறமும் மணமும் உடைய பூக்களுக்கு அந்தி மங்கும் நேரத்தில் பருந்து அந்துப்பூச்சிகள் வரும். உடலைவிட நீண்ட நாக்கை நீட்டி அந்தரத்தில் நின்று குடிப்பதைப் பார்த்துப் பறவை என்றே பலர் எண்ணுகிறார்கள். வெள்ளைத் துணியைக் கட்டி அதன்மேல் ஒரு மணி நேரம் விளக்கொளி விழச் செய்தால் பலவகை அந்துகள் வந்து அமரும். பார்த்தபின் விளக்கை அணைத்துவிட வேண்டும். பூச்சிகள் விளக்கால் கவரப்படுகின்றன என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அதிவேகப் படக்கருவி கொண்டு செய்த ஆய்வு ஒன்று, பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளியின் பக்கம் திருப்பும் இயல்புடையது, அதனால் செயற்கை விளக்கருகே திசை தவறிச் சுழன்று சிக்கிக்கொள்கிறது என்று 2024இல் காட்டியது. விடிய விடிய எரியும் தோட்ட விளக்கு ஓர் இரவுப் பொறி. தேவையென்றால் மங்கிய மஞ்சள் விளக்கை, தரையை நோக்கித் திருப்பி வையுங்கள்.

எந்த பைனாகுலர் வாங்குவது?

8×32 அல்லது 8×42 என்று குறித்தது. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் பெருகித் தெரியும். தோட்டத்துக்கு வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது குறைந்தபட்ச குவியத் தூரம். அது இரண்டு மீட்டருக்குள் இருந்தால் வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கலாம். கருவி இல்லை என்பதற்காகத் தொடங்காமல் இருக்க வேண்டாம்.

பெயர் தெரியாததை எப்படிப் பதிவு செய்வது?

முதலில் கண்டதை எழுதுங்கள், பெயர் பிறகு வரட்டும். நாள், நேரம், வெயிலா மேகமா, எந்தச் செடி, என்ன செய்துகொண்டிருந்தது, அளவு மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகும் வாலும் எப்படி இருந்தன என்று அதே இடத்தில் எழுதிவிட வேண்டும்; புத்தகத்தைப் புரட்டிய பின் எழுதினால், பார்த்தது மறைந்து படத்தில் இருப்பதே நினைவில் நிற்கும். படம் இருந்தால் 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம், அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். பறவைப் பட்டியலுக்கு 2002 முதல் இயங்கும் ஈபேர்ட் உண்டு. செயலி தானே ஊகித்துச் சொல்லும் பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். அந்த இனம் உங்கள் நிலப்பகுதியில், அந்தப் பருவத்தில் இருக்கக்கூடியதா என்று சரிபாருங்கள். கூட்டின் படத்தையும், அரிய பறவை தங்கும் துல்லியமான இடத்தையும் பொதுவில் வெளியிட வேண்டாம்.

பொதுக் கணக்கெடுப்புகளில் சேர்வதும் நல்ல பயிற்சி. பிரிட்டனில் 1979இல் தொடங்கிய தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு ஒரு மணி நேரம்; 1998இல் தொடங்கி இன்று உலகெங்கும் பிப்ரவரியில் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்குப் பதினைந்து நிமிடம் போதும். அவற்றில் காகமும் மைனாவும் மட்டும் வந்தாலும் அதையே எழுத வேண்டும். ஒன்றும் வராத காலையையும் குறிப்பேட்டில் "இன்று எதுவும் இல்லை" என்று நாளிட்டு எழுதுங்கள். தளிர் இல்லாத மாதங்களும் முட்டை கிடைக்காத மாதங்களும் ஒன்றாக இருந்தனவா என்பதை இரண்டாம் ஆண்டில் அந்த வெற்று வரிகளை வைத்துத்தான் பார்க்க முடியும்.